கார்ட் இல்லாத சிற்றிசன்

அந்தப் பையை மேல வைக்காதையும் பிள்ளை, நான் மடியில வைச்சிருக்கிறன். உள்ளுக்க மருந்து. மேல வைச்சால் எவனாவது தன்ர பெட்டியைக் கொண்டுவந்து அதுக்கு மேல ஏத்துவான். நீர் யன்னல் பக்கம் இரும். எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி, அடிக்கடி எழும்பவேணும். டொக்டர் இருக்கச் சொல்லுறார், கால் கேக்குதில்லை.

தமிழ்ப்பிள்ளை எண்டு லண்டனில இந்தப் பாரிஸ் பஸ்ஸில ஏறேக்கையே விளங்கிட்டுது. எவடம்? பாரிஸோ? அங்கயே பிறந்து வளர்ந்தனீரோ? அப்ப பிரெஞ்சு வடிவாக் கதைப்பீர். நல்லதாப் போச்சு. இல்லை, சும்மாதான் கேட்டனான். டோவரில பாஸ்போர்ட் பார்க்க இறக்குவாங்கள், அதில ஒரு சின்ன உதவி. பிறகு சொல்லுறன்.

நான் அரியரத்தினம். ஆனைக்கோட்டை. இருபத்திமூண்டு வயசில லண்டன் வந்தனான். நிலக்கீழ் ரயிலில டிக்கெட் பரிசோதகர் வேலை. பென்சன் எடுக்கிற வரைக்கும் அதேதான். டிக்கெட் இல்லாதவனை நான் கண்ணைப் பார்த்தே பிடிப்பன். பெட்டிக்குள்ள நான் நுழைஞ்ச உடனே யன்னலுக்கு வெளியில பார்ப்பான் பாரும், அவன்தான். வெளியில என்ன இருக்கு? இருட்டுக் குகை. ஆனாலும் பார்ப்பான்.

போன் அடிக்குது. அடிக்கட்டும், விடும். மனிசிதான். டோவர் தாண்டினாப்பிறகு எடுக்கிறன்.

லண்டனுக்கு ஆஸ்பத்திரி அலுவலா வந்தனான். அலுவல் முடியேல்லை. ஆரில பிழை எண்டு நான் சொல்லமாட்டன், கதையைக் கேட்டுப்போட்டு நீரே சொல்லும். படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு.

நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு இறுகிப்போச்சு. கதவு துருப்பிடிச்சு அரைவாசிதான் திறக்கிற மாதிரி எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டினவர். மாத்தினால் சுகமாம், பழையபடி படியேறலாமாம், மாரி வாறதுக்கு முன்னம் செய்யிறது நல்லதாம். மாத்தாட்டி என்ன நடக்கும் எண்டு கேட்டன். அவர் பேனையை மூடிப் பொக்கெற்றுக்குள்ள வைச்சார். பேனையை மூடினால் எனக்கு விளங்காதோ? அண்டையில இருந்து ஒரே அந்தரம். படுத்தாலும் அந்தரம், இருந்தாலும் அந்தரம்.

இவன் ஏன் ஹீற்றரை இப்பிடிப் போட்டிருக்கிறான்? வேர்க்குது. உமக்கு வேர்க்கேல்லையோ?

சரி, முதல்ல இருந்து சொல்லுறன். எனக்கு ஒரே ஒரு மோள், தர்சினி. பாரிஸில கலியாணம் செய்து குடுத்தது. மருமோன் ரூபன் நல்ல பெடியன்தான், குறை சொல்லேலாது. ஆனால் பாரும், அவர் அகதியா வந்த ஆள். பிரான்ஸில இருக்கிறதுக்குப் பத்து வருசக் கார்ட் வைச்சிருந்தவர். நான் பிரிட்டிஷ் சிற்றிசன். கலியாணம் பேசேக்க எனக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது. நீர் கோவிக்காதையும், உங்கட அப்பாவும் கார்ட்டோ? சரி, சரி. அது அந்தக் காலம்.

மோளுக்கு இரட்டைப் பிள்ளையள் பிறந்தது. மனிசி ஒரே அரியண்டம். "இஞ்சேருங்கோ, அங்க போவம், இஞ்ச இருந்து என்ன செய்யப் போறம்?" எண்டு. மனிசியின்ர பேர் தவமலர். நான் ஸ்பொன்சர் பண்ணி எடுத்த ஆள். அந்த நேரம் மனிசியை லண்டனுக்கு எடுக்கிறதெண்டால் லேசில்லை கண்டீரோ. எவ்வளவு கடிதம், எவ்வளவு அலைச்சல். ஹீத்ரோவில வந்து இறங்கேக்க அவவுக்கு இங்கிலீஷில ஒரு சொல் வராது. இமிகிரேசன்காரன் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிப்போட்டு என்னைக் கைகாட்டினவ. நான்தான் எல்லாத்துக்கும் பதில் சொன்னனான். பிறகு பள்ளிக்கூட கன்ரீனில வேலை எடுத்துக் குடுத்ததும் நான்தான். அவவுக்கும் இப்ப சின்னதா ஒரு பென்சன் வருது. எல்லாம் நான் எடுத்தபடியால்தானே?

சரி எண்டு வீட்டை வித்துப்போட்டு பாரிஸுக்குப் போனம். மோள் இருக்கிற அதே மாடிக்கட்டிடத்தில, கீழ ஒரு சின்ன வீடு. அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினால் காணும், போ எண்டுவான், வா எண்டுவான். நான் லண்டன் அட்ரஸை விடேல்லை. வெம்ப்ளியில என்ர மருமோன் முறையான ஒருத்தன், குகதாஸ், அவன்ர வீட்டு அட்ரஸில பேரை வைச்சிருந்தன். கடிதமெல்லாம் அங்க வரும். டொக்டரும் அங்கதான். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்து பிரஷர் பார்த்து, மருந்து எடுத்து, சட்னிக்கு நல்ல தேங்காயும் வாங்கிக்கொண்டு போவன். உது எல்லாரும் செய்யிறதுதானே? கனடா போனவனும் ஈஸ்ட்ஹாமில ஒரு அட்ரஸ் வைச்சிருக்கிறான். வரி கட்டின நாடு, விட்டுப்போட்டு வரேலுமோ?

அதுக்குள்ளதான் இந்தப் பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகிற கோதாரி.

ஓம், நானும் விலகச் சொல்லித்தான் வோட்டுப் போட்டனான். நாங்கள் லண்டனில இருக்கேக்க நடந்த வோட்டு அது. ஏன் அப்பிடிப் பார்க்கிறீர்? நீர் லண்டனில அப்ப இருக்கேல்லை, உமக்குத் தெரியாது. டொக்டரிட்டப் போனால் கதிரை இல்லை. வந்தான் வரத்தான் எல்லாம் அதுக்குள்ள. போலந்துக்காரன், ரொமேனியாக்காரன், நேத்து வந்தவன் முன்னுக்கு நிக்கிறான், நாங்கள் இவ்வளவு காலம் உழைச்சவங்கள் பின்னுக்கு. எங்கயோ இருக்கிறவன் இஞ்ச வந்து ஓசியில வைத்தியம் செய்துபோட்டுப் போறான். அதை நிப்பாட்டத்தான் போட்டனான். எனக்கு எதிரா நானே போடுவனோ? அது வேற கதை, இது வேற கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்.

தண்ணி இருக்கோ? இல்லை, என்னட்ட இருக்கு. குளிசைக்கு.

விலகினாப்பிறகு பிரான்ஸில சொன்னாங்கள், இஞ்ச ஏற்கெனவே இருக்கிற பிரிட்டிஷ்காரர் எல்லாரும் ஒரு கார்ட் எடுக்கவேணும், இந்தத் தேதிக்கு முன்னம் பதியவேணும் எண்டு. பதிஞ்சால் முந்தி மாதிரியே இருக்கலாம், வைத்தியமும் பிரிட்டன் பென்சன் கணக்கில அங்கயே பார்ப்பாங்கள். ரூபன் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். "மாமா, சும்மா ஒரு பதிவுதான், நான் கொம்பியூட்டரில போட்டுவிடுறன்" எண்டவர். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "தம்பி, நான் கார்ட்டுக்காரன் இல்லை, சிற்றிசன்" எண்டன். அவர் எழும்பிப் போய்ப் பிள்ளையளுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டார்.

நீரே சொல்லும் பிள்ளை. இவ்வளவு காலம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைச்சிருந்த ஆள், பிரிபெக்சரில போய், அதுதான் எங்கட ஊர்க் கச்சேரி மாதிரி அரசாங்கக் கந்தோர், விடியக்காலமை வெளியில லைனில நிக்கிறதோ? அந்த லைனில ஆர் நிக்கினம் எண்டு நான் பஸ்ஸில போகேக்க பார்த்தனான். எங்கட பெடியள், ஆபிரிக்காக்காரர், குளிருக்குள்ள பைலைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு. அதுக்குள்ள நானோ? அதோட லண்டன் அட்ரஸும் இருக்கு. பாரிஸில பதிஞ்சால் லண்டன் டொக்டர் போயிடுவாரெண்டு பயம். பயமெண்டில்லை, முன்யோசனை.

தவம் பதிஞ்சிட்டா.

எனக்குச் சொல்லாமல் இல்லை, சொன்னவதான். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தனான், ம் எண்டிருக்கிறன் போல. அறுபத்தைஞ்சு வயசில நகரசபையில போய் பிரெஞ்சு வகுப்பும் எடுத்தவ. பேக்கரிக்காரியோட நிண்டு பொஞ்சூர், மெர்சி எண்டு கதைக்கேக்க எனக்குச் சிரிப்பு வரும். பகிடி பண்ணுவன். அவ கோவிக்கிறேல்லை. ஒருநாள் கார்ட் தபாலில வந்திட்டுது. கைப்பைக்குள்ள பிள்ளையார் படம் வைச்சிருக்கிற அறைக்குள்ள அதையும் வைச்சா. அவ்வளவுதான். ஒரு ஆரவாரமும் இல்லை.

பிறகென்ன, கொஞ்ச நாளில எல்லையில என்ர பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்தத் தொடங்கிட்டாங்கள். போகேக்க ஒண்டு, வரேக்க ஒண்டு. மூண்டு மாதம்தான் அங்க நிக்கலாமாம், பிறகு மூண்டு மாதம் வெளியில நிக்கவேணுமாம். ஆர் வீட்டில? என்ர வீட்டில! என்ர கட்டில், என்ர சாரம் கொடியில காயுது, நான் அங்க விருந்தாளியாம். வெம்ப்ளியில குகதாஸின்ர சின்ன அறையில மூண்டு மாதம் கிடப்பன். குகதாஸின்ர மனிசி நல்ல மாதிரித்தான், ஆனால் ஃபிரிட்ஜைத் திறக்கேக்க ஒரு பார்வை பார்ப்பா. மூண்டு மாதம் முடிய இந்தப் பஸ்ஸில ஏறுவன். நிம்மதியா ஒரு இடத்தில குந்தினதில்லை.

பாரும், திரும்பவும் அடிக்குது. அவவுக்குத் தெரியும் நான் பஸ்ஸில எண்டு. எடுத்தால் என்ன சொல்லுறது? ஒப்பரேசனுக்குப் போன ஆள் அது செய்யாமல் திரும்பி வாறன் எண்டோ? நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறன் எண்டுதான் அவ நினைச்சிருந்தவ. நேத்து குகதாஸ் நான் திரும்பி வாறதை ஆரோடயோ போனில உளற, அது அவவின்ர காதுக்குப் போட்டுது. இப்ப விடாமல் அடிக்கிறா.

அது என்னெண்டால், ஒப்பரேசனுக்குத் தேதி குடுத்து, என்னைக் கூப்பிட்டு, எல்லாம் சரி. அந்த வார்ட்டுக்குப் போக முன்னம் ஒரு சின்ன அறைக்குள்ள, ஆர் காசு கட்டவேணும் எண்டு பார்க்கிற ஒரு பிள்ளை இருக்கச் சொன்னா. உம்மட வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டுச் சிரிச்ச முகம். "சேர், வழமையா எல்லாரிட்டையும் கேக்கிறதுதான், நீங்கள் எங்க இருக்கிறியள்?" எண்டு கேட்டா. வெம்ப்ளி எண்டன். பாஸ்போர்ட் இருக்கோ எண்டா. பாஸ்போர்ட்டைக் குடுத்தன். அவ ஒவ்வொரு பக்கமாப் பிரட்டுறா. முத்திரை, முத்திரை, முத்திரை. நான் யன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டிருந்தன். கார் நிப்பாட்டுற இடம்தான், வேறொண்டும் இல்லை.

பிறகு மெல்லக் கேட்டா. "சேர், மனைவி எங்க இருக்கிறா?" பாரிஸில எண்டன். "வீடு?" பாரிஸில எண்டன். "அப்ப நீங்கள் இஞ்ச திரும்பி வந்து நிரந்தரமா இருக்கப்போறியளோ? அப்பிடியெண்டால் பிரச்சினையில்லை, அதைக் காட்டினால் காணும். இல்லை, அங்கதான் இருக்கிறியள் எண்டால் அங்க பதிஞ்ச உரிமையில வரவேணும். ரெண்டும் இல்லாட்டி காசு கட்டவேண்டி வரும்" எண்டா. மரியாதையாத்தான் சொன்னா. எனக்குக் கோபம் வந்திட்டுது. நான் இந்த நாட்டில எவ்வளவு காலம் வேலை செய்தனான் தெரியுமோ எண்டு கேட்டன். தெரியும் சேர் எண்டா. நீர் எந்த ஊர் எண்டு கேட்டன். கேட்டிருக்கக் கூடாது. ரொமேனியா எண்டா. அப்ப நீர் மட்டும் என்னண்டு இஞ்ச இருக்கிறீர் எண்டன். "நான் இஞ்ச கடைசித் தேதிக்கு முன்னமே பதிஞ்சிட்டன் சேர்" எண்டா. அதுக்கும் சிரிச்சுக்கொண்டுதான்.

அவ கேட்டது ஒரே ஒரு கேள்விதான் பிள்ளை. நீங்கள் எங்க இருக்கிறியள்?  வாழ்க்கையில எவ்வளவு பேரிட்ட நான் கேட்டிருப்பன், எங்க ஏறினனீர், எங்க இறங்கப்போறீர் எண்டு. என்னை ஒருத்தி கேக்கேக்க வாயில வந்தது குகதாஸின்ர அட்ரஸ்தான். இனித் தவத்தை விட்டுப்போட்டு நிரந்தரமா இஞ்ச இருக்கப்போறன் எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தால் அண்டைக்கே படுக்க வைச்சிருப்பாங்கள். சொல்ல வந்தனான். கடைசியில யோசிச்சுச் சொல்லுறன் எண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

வழி இல்லையோ எண்டு கேக்கிறீர். இருக்கு. அதுதான் வில்லங்கம்.

ரூபன் எல்லாம் விசாரிச்சு வைச்சிருக்கிறார். கார்ட் வைச்சிருக்கிற ஆளின்ர புருசனோ மனிசியோ பிறகும் சேரலாமாம். சேர்ந்தால் கார்ட். கார்ட் கிடைச்சால் பாரிஸிலேயே இந்த வால்வை மாத்தலாமாம். ஆனால் ஆர் பேரில சேருறது? தவத்தின்ர பேரில. அவ ஒருநாள் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டு சொல்லுறா: "இஞ்சேருங்கோ, உங்களை நான் ஸ்பொன்சர் பண்ணலாமாம்." எண்டுபோட்டுப் புட்டுக் குழலைத் தட்டுறா. மோள் குபீரெண்டு சிரிச்சிட்டாள். அப்பாவை அம்மா ஸ்பொன்சர் பண்ணப்போறா எண்டு. நான் புட்டை அப்பிடியே வைச்சிட்டன். எழும்பிப் போய்ப் பூங்காவில குந்தியிருந்தன். ஆரை ஆர் எடுத்தது? ஹீத்ரோவில தலையை ஆட்டிக்கொண்டு நிண்ட ஆள் என்னை எடுக்கிறதோ?

பிறகும் ஒருக்கா இழுத்துக்கொண்டு போனவை. கச்சேரிக்கு. கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தி. தவம்தான் கதைச்சா, பிரெஞ்சில. நான் பக்கத்தில மரமாட்டம் நிண்டன். அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள், தவம் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னா. என்ன சொன்னவ எண்டு ரூபனைக் கேட்டன்.  வற்புறுத்திக் கேட்க, "இவர் என்ர புருசன், என்ர பொறுப்பில இருக்கிறவர் எண்டு சொன்னவ மாமா" எண்டார். என்ர பொறுப்பிலயாம்! எல்லாருக்கும் முன்னால. அப்பிடியே திரும்பி நடந்து வந்திட்டன். தவம் பின்னால வந்தா. என்ர மப்ளர் விழுந்து கிடந்ததை எடுத்துத் தூசி தட்டிக் கழுத்தில சுத்திவிட்டா. அவ்வளவுதான். இண்டைக்கும் அதே மப்ளர்தான் போட்டிருக்கிறன்.

நீர் சொல்லும், ஆரில பிழை? அரசாங்கத்தில. ரெண்டு அரசாங்கத்திலயும். ரூபனிலயும் கொஞ்சம் இருக்கு, வடிவா விளங்கப்படுத்தியிருந்தால் அண்டைக்கே நான் பதிஞ்சிருப்பன். ஏன் சிரிக்கிறீர்?

டோவர் வந்திட்டுது போல. ஓம், கடல். எல்லாரும் இறங்கவேணும். நீர் முன்னுக்குப் போம், நான் மெல்ல வாறன். படி ரெண்டுதான், ஆனால் பாரும், மூச்சு. ஒருக்கா நிண்டு போவம். இல்லை, பிடிக்கத் தேவையில்லை. சரி, பையை மட்டும் பிடியும்.

அந்த உதவி இதுதான். இந்தப் பக்கத்திலேயே பிரெஞ்சுப் பொலிஸ்தான் நிண்டு முத்திரை குத்துறது. இந்த முறை பிரான்ஸில நிக்க எனக்கிருக்கிற மூண்டு மாதம் முடியிற நிலையில நிக்குது. எண்ணிப் பார்த்தால் பிடிபட்டிடுவன். எனக்கு இங்கிலீஷில கதைக்கலாம், ஆனால் அவங்களுக்கு பிரெஞ்சில கதைச்சால் மனம் இளகும். நீர் சொல்லும், சுற்றுலா எண்டு. ஈபிள் கோபுரம் பார்க்கப் போறார் எண்டு. ஏன் முகத்தை அப்பிடி வைக்கிறீர்? பொய்யில்லை. இவ்வளவு காலம் அங்க இருந்தும் நான் உதில ஒருக்காவும் ஏறினதில்லை.

போன். நிக்கட்டும். லைன் நகருது, வாரும்.

என்ர முறை வந்திட்டுது. இந்தா தம்பி, பாஸ்போர்ட். பிள்ளை, கிட்ட வந்து நில்லும். பிரட்டுறான். பக்கம் பக்கமாப் பிரட்டுறான். விரலாலை எண்ணுறான் பாரும். என்னவாம்? நாள் முடியப்போகுதாமோ? அது எனக்கும் தெரியும். ஏன் போறாராம் எண்டு கேக்கிறானோ? சொல்லும், அதுதான் நான் சொல்லித்தந்தது. சொல்லீட்டீரோ? நம்பேல்லையோ? சிரிக்கிறான் என்ன. இப்ப என்ன கேக்கிறான்? எங்க இருக்கப்போறாராம், அங்க இவருக்கு ஆர் இருக்கினமாம்.

மோள் எண்டு... இல்லை. பொறும்.

பிள்ளை, இப்பிடிச் சொல்லும். அங்க இவருக்கு மனிசி இருக்கிறா. அவவுக்குக் கார்ட் இருக்கு எண்டு சொல்லும். அவவின்ர பேர் தவமலர். இவர் அவவின்ர புருசன். இவர் இருக்கிறது அவவோட. இவர்... இவர் அவவின்ர பொறுப்பில இருக்கிறவர் எண்டு சொல்லும். ஓம், அப்பிடியே சொல்லும். கொஞ்சம் பலமாச் சொல்லும், கண்ணாடிக்குள்ளால அவனுக்குக் கேக்காது. பின்னால நிக்கிறவைக்குக் கேட்டால் கேக்கட்டும்.

என்னவாம்? அப்பிடியெண்டால் கெதியாப் போய்ப் பதியட்டாமோ? முத்திரை குத்தீட்டான். மெர்சி எண்டு சொல்லும். இல்லை, விடும், நானே சொல்லுறன். மெர்சி தம்பி.

பையைத் தாரும். நெஞ்சு கொஞ்சம் அடிக்குது, ஒண்டுமில்லை. பஸ் எங்க நிக்குது? பொறும், பொறும், இந்த முறை எடுக்கிறன்.

ஓம், தவம். நான்தான். டோவரில நிக்கிறன். இல்லை, செய்யேல்லை. வந்து சொல்லுறன். சாப்பிட்டன், சாப்பிட்டன். அழாதையும். இஞ்சேரும் தவம், அந்தக் கச்சேரி லைனில நிக்கிறதெண்டால் எத்தினை மணிக்குப் போகவேணும்?